தாயக்கட்டத்தில் தொடங்குங்கள்: முதல் கணினி விளையாட்டை உருவாக்கும் வழி

கணினி விளையாட்டு உருவாக்கக் கற்க விரும்பும் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே ஒரு நகரத்தை எழுப்பப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பொறியியல் இரண்டாம் ஆண்டில், பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி சந்திப்பு வரை பைக் ஓட்டும் முப்பரிமாண விளையாட்டு ஒன்றைச் செய்யப்போவதாக நண்பர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். மூன்று மாதம் கழித்து என்னிடம் இருந்தவை ஈரடுக்கு மேம்பாலத்தின் சில தூண்களும், சக்கரம் பாதி தரைக்குள் புதைந்து நிற்கும் ஒரு பைக்கும்தான். அதை மூடி வைத்துவிட்டுத் தாயம் செய்யத் தொடங்கிய பிறகுதான் நான் எதையாவது கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

தாயத்தைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஊர்ப்பற்று அன்று. அதன் விதிகள் பல தலைமுறையாக ஆடிப் பார்க்கப்பட்டவை என்பதால், வடிவமைப்பு சரியா தவறா என்ற குழப்பம் உங்களுக்கு இராது. கோடுகளும் காய்களும் போதும் என்பதால் ஓவியம் வரையத் தெரியாதவரும் செய்யலாம். ஆடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வீட்டிலேயே இருப்பார். எனக்குக் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி இருந்தார்.

கணினியைத் திறக்கும் முன் விதிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். தெரிந்த ஆட்டம்தானே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள், ஏனெனில் எழுத உட்கார்ந்தால்தான் ஓட்டைகள் தெரியும். எங்கள் வீட்டு வழக்கப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம், எதிரியின் காயை வெட்டினாலும் மறுபடி போடலாம், குறுக்குக்கோடு போட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. ஆனால் நகர்த்துவதற்கு ஒரு காயும் இல்லாதபோது 5 விழுந்தால் என்ன செய்வது? காய் நடுக்கட்டத்தை அடைந்து பழமாவதற்குச் சரியாக இரண்டு கட்டம் இருக்கையில் 3 விழுந்தால்? ஆச்சியிடம் இப்படி 19 கேள்விகள் கேட்டேன். மனிதர்கள் ஆடும்போது சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளும் இடங்கள் இவை. கணினி சண்டை போடாது, நின்றுவிடும்.

அடுத்து மென்பொருள். நான் பயன்படுத்தியது கோடோ என்னும் கேம் எஞ்சின், அதாவது விளையாட்டு உருவாக்குவதற்கான அடிப்படை மென்பொருள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் உருவாக்கி, 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் திறந்த மூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றிப் பயன்படுத்தும்படி, வெளியிட்டது அது. காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடும். யூனிட்டி என்னும் மற்றோர் எஞ்சினும் நல்ல கருவிதான். ஆனால் ஆட்டம் எத்தனை முறை நிறுவப்படுகிறதோ அதற்கு ஏற்பக் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டு அதைக் கைவிட்டதைப் பார்த்தபின், தொடக்கநிலை மாணவர் வேறொருவர் மனமாற்றத்தை நம்பியிராமல் இருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றிற்று. நிரலாக்கத்தில் மாறி (ஒரு மதிப்பைச் சேமிக்கும் இடம்), நிபந்தனை (இப்படியானால் இதைச் செய் என்பது), மடக்கு (திரும்பத் திரும்பச் செய்வது), வரிசை (பல மதிப்புகளின் பட்டியல்), செயற்கூறு (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) ஆகிய ஐந்தும் புரிந்தால் போதும்; மற்றவை செய்யும்போதே வரும்.

தாயப் பலகையை நிரலில் எழுதும்போது நான் செய்த முதல் தவறு, ஒவ்வொரு காயும் திரையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையே கணக்காக வைத்துக்கொண்டது. அப்படிச் செய்யாதீர்கள். ஐந்துக்கு ஐந்து பலகையில் வெளிச்சுற்றில் 16, உட்சுற்றில் 8, நடுவில் 1 என மொத்தம் 25 கட்டங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கடக்கும் அந்த 25 கட்டங்களையும் அவரவர்க்கென ஒரு வரிசையாக எழுதி வைத்துவிட்டால், காய்க்குத் தேவை ஒரே ஓர் எண்தான், அது தன் வரிசையில் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்பது. திரையில் படம் அந்த எண்ணைப் பார்த்து நகரட்டும். இரண்டு காய்கள் ஒரே கட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் வெட்டுவதும் அதன்பின் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும்.

இதனோடு சேர்த்து, ஆட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் ஒரு மாறியில் வையுங்கள்: கட்டை போடக் காத்திருக்கிறது, காய் தேர்வுக்குக் காத்திருக்கிறது, காய் நகர்ந்துகொண்டிருக்கிறது. இதை நான் வைக்காததால், காய் நகரும்போதே பொத்தானை மீண்டும் அழுத்தி என் தம்பி ஒரே முறையில் நாலு ஆட்டம் ஆடினான்.

இனிக் கட்டைக்கு வருவோம். தாயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கணினியிடம் 1 முதல் 6 வரை ஏதாவது ஓர் எண்ணைக் கேட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். டவுன் ரதவீதியில் வாங்கிய பித்தளைக் கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு தவறு என்று தெரியும். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். 1, 2, 3, பிறகு ஒரு வெறும் பக்கம். இரண்டு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம், அதாவது 1 விழுவது இரண்டு விதத்தில், 3 விழுவது நான்கு விதத்தில், இரண்டும் வெறும் பக்கமாகி 12 விழுவது ஒரே விதத்தில். ஆகவே கணினியிலும் இரண்டு கட்டைகளைத் தனித்தனியே உருட்டிக் கூட்ட வேண்டும். நான் முதலில் எழுதியபடி விட்டிருந்தால் எட்டில் ஒன்றாக விழ வேண்டிய தாயம் ஆறில் ஒன்றாக விழும். 12 ஒருபோதும் விழாது.

சரியாக எழுதி ஆச்சியின் கையில் கைபேசியைக் கொடுத்தேன். பத்து முறை போட்டும் தாயம் விழவில்லை. "என்னல இது, தாயமே விழ மாட்டேங்கு. ஒன் மிசினு அழுகுணி ஆட்டமால்லா ஆடுது" என்று சொல்லி அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கணக்கின்படி பத்து முறையும் தாயம் விழாமல் போக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மெய்யான கட்டையிலும் அவருக்கு அது எத்தனையோ முறை நேர்ந்திருக்கும். அதை விளக்கினால் பயனில்லை என்பதால், அடுத்த முறை அவர் மெய்க்கட்டை ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பேசாமல் பார்த்தேன். அவர் கட்டைகளை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து நெடுநேரம் தேய்க்கிறார், ஏதோ முணுமுணுக்கிறார், பிறகே உருட்டுகிறார். விழாவிட்டால் அது அவர் கையின் குற்றம். நான் கொடுத்த ஆட்டத்திலோ ஒரு பொத்தான் மட்டுமே இருந்தது, எனவே குற்றம் மெசினுடையது.

விரலால் தேய்த்துக்கொண்டே இருந்து, தள்ளிவிட்டால் உருளும்படி மாற்றினேன். திண்ணையில் மெய்க்கட்டைகளை உருட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைபேசியில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் வெட்டிச் சேர்த்தேன். வாய்ப்புக் கணக்கில் ஒரு புள்ளியையும் தொடவில்லை. ஆச்சியின் புகார் நின்றுவிட்டது. உங்கள் ஆட்டத்தை யார் ஆடினாலும் வாயைத் திறக்காமல் அவர் விரலையும் முகத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை ரயிலில் உடன் வரும் மாணவர்களிடம் நான் இப்படித்தான் கொடுத்து வாங்கினேன்.

நகர்வைப் பற்றி ஒரு சொல். ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒரு முறை புதிதாக வரையப்படுவதற்கு, 4 பிக்சல் (திரைப்புள்ளி) என்று எழுதினால், விநாடிக்கு 60 ஃபிரேம் காட்டும் திரையில் விநாடிக்கு 240 பிக்சலும், 144 ஃபிரேம் காட்டும் திரையில் 576 பிக்சலும் காய் ஓடும். விநாடிக்கு இத்தனை என்று வேகத்தைக் குறித்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடைப்பட்ட நேரமான டெல்டாவால் பெருக்கினால் எல்லாக் கணினியிலும் ஒரே வேகம் கிடைக்கும்.

தமிழில் எழுத்துகளைக் காட்ட வேண்டுமானால் கோடோவின் 4-ஆம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள். 2023 மார்ச்சில் 4.0 வருவதற்கு முன் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உலாவியில் ஓடும் பதிப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை ஆட்டத்தோடு சேர்த்தே வையுங்கள், இல்லையெனில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

ஒவ்வொரு நாள் வேலையையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவி கொண்டு சேமித்து வேறோர் இடத்திலும் வையுங்கள். ஒரு பழுதுபார்க்கும் கடையில் என் மடிக்கணினியின் வட்டை என்னிடம் கேட்காமலே அழித்துவிட்டார்கள். இரண்டு வார உழைப்பு போயிற்று.

வெளியிடுவதற்கு இட்ச்.ஐஓ தளம் எளிது. உலாவியிலேயே ஆட வைக்கலாம், கட்டணம் இல்லை. பிளே ஸ்டோரில் போட 25 டாலர் ஒருமுறைக் கட்டணம் உண்டு. புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர் 12 பேரைச் சேர்த்துத் தொடர்ந்து 14 நாள் சோதனையும் நடத்த வேண்டும். அந்த 12 பேரையும் எங்கள் தெருவிலும் வகுப்பிலுமாகத் தேடிப் பிடித்தேன். ஆச்சிக்குக் கூகுள் கணக்கு இல்லாததால் அவர் அந்தப் பட்டியலில் இல்லை. தம்பியின் பெயரில் அவர்தான் ஆடினார்.