அவுட்பேக்குக்கு பைக் தயார் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் கொஞ்சம் தணிந்து ஏப்ரல் பிறந்ததும் அவுட்பேக் எனும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதித் தடங்களில் புது அட்வென்ச்சர் பைக்குகள் இறங்கத் தொடங்கும். ஊட்நடாட்டா தடம், பேர்ட்ஸ்வில் தடம், கிரேட் சென்ட்ரல் ரோடு என்று எங்கே பார்த்தாலும் வருஷா வருஷம் அதே தவறுகள்தான், ஆள்தான் வேறு. இந்தத் தடங்களில் பழகியவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் காசைத் தொலைத்துக் கற்றுக்கொண்டவை அவை. தண்ணீர் எடுத்துப் போங்கள், கிளம்பும் முன் டயரைப் பாருங்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விட்டுவிடலாம். பைக்கில் காசு போட்டு மாற்றம் செய்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

வெப்பத்தின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊட்நடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. சிம்ப்சன் பாலைவனப் பூங்காக்களை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியே வைக்கிறார்கள். பூங்கா திறந்திருக்கும் அக்டோபரிலும் மார்ச் கடைசியிலும்கூட 40 டிகிரி வந்துபோகும்.

ரேடியேட்டர் முன்னால் கடை விரிப்பது

கூடுதல் விளக்கு, ஹார்ன், கிராஷ் பாரில் தொங்கும் டூல் பை எல்லாம் போய் உட்காரும் இடம் ரேடியேட்டருக்கு நேர் முன்னால். நெடுஞ்சாலையில் 100-இல் போகும்போது ஒன்றும் தெரியாது. மணலில், முதல் இரண்டு கியரில், பின்னாலிருந்து காற்று வீச, 15 கி.மீ. வேகத்தில் திணறும்போது ஃபேன் நிற்காமல் ஓடும். மறைத்து வைத்த ஒவ்வொரு அங்குலமும் அப்போதுதான் உறைக்கும். கல் தடுக்க வலைக் கார்டு வேண்டும்தான், ஆனால் கண்ணி ரொம்பப் பொடியாக இருந்தால் புல்விதையும் பூச்சியும் சேறும் அடைத்துக்கொள்ளும். அடைத்ததை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தமில்லாத தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பிடித்தால் ஃபின்கள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

கூலன்ட் பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டரோடு. கூலன்டில் இருக்கும் கிளைக்காலைக் கூட்டினால் கொதிநிலை ஏறும், ஆனால் சூட்டைச் சுமந்து போகும் திறன் இறங்கும். உயர் அழுத்த ரேடியேட்டர் மூடி வாங்கிப் போடுவதும் பரவலாக நடக்கிறது. அதனால் எஞ்சின் ஒரு டிகிரிகூடக் குளிராது. கொதிப்பது தள்ளிப்போகும், அந்த அழுத்தம் முழுவதையும் ஹோஸ் இணைப்பும் வாட்டர் பம்ப் சீலும் தாங்க வேண்டும்.

பின்னால் பாரம் ஏற்றிவிட்டு ப்ரீலோடைத் திருகுவது

மற்ற தவறுகளை மன்னிக்கலாம், இதை முடியாது. இது எளிதில் தவிர்க்கக்கூடியது, ஆனால் பயணத்தையே முடித்துவைப்பது. ஒருவருக்குச் சொன்னால் அடுத்தவர் அதையே செய்துகொண்டு வந்து நிற்கிறார்.

நடப்பது இதுதான். பைக் வந்த வாரமே இரண்டு அலுமினியப் பெட்டிகளும் அதற்கான ரேக்கும் வாங்கப்படும். காலியாகவே 15 முதல் 18 கிலோ. டாப் பாக்ஸும் அதன் தட்டும் 6, 7 கிலோ. துணிமணி, டென்ட், சமையல் சாமான் 20 கிலோ. தண்ணீர் 10 லிட்டர் என்றால் 10 கிலோ. டூல், டியூப், பம்ப் 7 கிலோ. கேனில் 7 லிட்டர் பெட்ரோல், கேனோடு சேர்த்து 6 கிலோவுக்கு மேல். கூட்டினால் 65 கிலோவைத் தாண்டும். கிராஷ் பார், எஞ்சின் அடியைக் காக்கும் ஸ்கிட் பிளேட் இரண்டும் 10, 12 கிலோ. பூட்ஸ், ஹெல்மெட்டோடு ஓட்டுபவர் 95 கிலோ. மொத்தம் 170-க்கு மேல். நடுத்தர அட்வென்ச்சர் பைக்குகளின் அனுமதிக்கப்பட்ட சுமையே ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். பைக்கோடு வந்த கையேட்டில் அந்த எண் அச்சாகியிருக்கிறது. பின் ரேக்கில் எவ்வளவு வைக்கலாம் என்பதும் தனியாக இருக்கும், பெரும்பாலும் பத்து கிலோவுக்குள். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் திறப்பதில்லை.

இவ்வளவும் ஏற்றியதும் பைக் பின்னால் உட்கார்ந்துவிடும். உடனே ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் திருகை, முழுக்கத் திருகி உயரத்தைத் தூக்கிவிட்டு, சஸ்பென்ஷனை சரிசெய்தாயிற்று என்று கிளம்புவார்கள். ப்ரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை நியூட்டன் வேண்டும் என்பது ஸ்பிரிங் கம்பியோடு பிறந்த எண், அது மாறவே மாறாது. திருகுவதால் உயரம் மட்டும் ஏறுகிறது. பள்ளத்தில் விழும்போது அதே மெல்லிய ஸ்பிரிங் அதே வேகத்தில் அடிவரை போய் இடிக்கும்.

இப்போது கொருகேஷன். தகரக் கூரை போல வரிவரியாக மேடு விழுந்த மண்சாலை. மேட்டுக்கு மேடு 75 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர், அதாவது நொடிக்கு 30 தடவை அடி விழும். மரீயிலிருந்து வில்லியம் க்ரீக் 204 கி.மீ. முழுக்க அப்படி இருந்தால் இரண்டரை லட்சம் தடவைக்கு மேல் அடி விழும். ஒவ்வொரு அடியும் ஷாக் அப்சார்பரின் ஆயிலில் சூடாக மாறுகிறது. ஷாக் இருக்கும் இடமோ எஞ்சினுக்குப் பின்னால், பல பைக்குகளில் எக்ஸாஸ்ட் பக்கத்தில். வெளிக்காற்றும் 40 டிகிரி. சூடு வெளியேற வழியில்லை. ஆயில் நீர்த்துவிடும், குதிப்பை அடக்கும் டேம்பிங் போய்விடும். மேடு ஏறி இறங்கிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை குதித்தால் அதுதான் முதல் அறிகுறி. அதோடு நிறுத்தி ஆறவிட்டால் பிழைக்கும். ஓட்டிக்கொண்டே போனால் ஷாக் சீல் விடும், ராடில் ஆயில் கசிந்து செம்மண் அப்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நைட்ரஜன் போய்விட்டால் அதை மீண்டும் ஏற்ற வழியோர ரோட்ஹவுஸ் பங்க்கில் வசதி கிடையாது.

ஷாக் செத்த பிறகு அடியெல்லாம் சீட்டையும் பெட்டிகளையும் தாங்கும் பின் சட்டமான சப்ஃப்ரேமுக்குப் போகும். டாப் பாக்ஸ் தொங்குவது பின் அச்சுக்கும் பின்னால். அந்த நீளமே நெம்புகோலாக வேலை செய்து, ஏழு கிலோ பெட்டியை பல மடங்காக்கி இழுக்கும். உடைவது இரண்டு இடத்தில்தான்: ரேக்கின் கீழ்க் கால் பற்றவைத்த முனையில், அல்லது சப்ஃப்ரேம் மெயின் ஃப்ரேமோடு சேரும் மேல் போல்ட்டில். உடைவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் உடையும். போல்ட் தலையைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் பொடி கசிந்திருந்தால் அந்த இணைப்பு அசைகிறது என்று அர்த்தம். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட்டில் மயிரிழைக் கீறலும் அதன் வழியே துருக்கோடும் தெரிந்தால் விரிசல் ஏற்கனவே உள்ளே போய்விட்டது. சாயங்காலம் முகாமில் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் இந்த இடங்களைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

இரும்பு சப்ஃப்ரேம் என்றால் கால்நடைப் பண்ணையில் வெல்டிங் மெஷின் வைத்திருப்பவர் யாராவது ஒட்டிக்கொடுப்பார். அலுமினியம் என்றால் அதுவும் கஷ்டம். நடுத்தடத்திலிருந்து பைக்கை ஏற்றி ஊர் கொண்டுவர பல ஆயிரம் டாலர் ஆகும். நல்ல ஸ்பிரிங்கும் ஷாக்கின் உள் வால்வை மாற்றியமைக்கும் ரீவால்விங்கும் அதைவிட மலிவு.

சரியான வரிசை இப்படி. முதலில் முழுச் சுமையோடு எடை பார்க்க வேண்டும், முன்சக்கரம் தனி, பின்சக்கரம் தனி. பிறகு சேக் அளவு, அதாவது சுமையில் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். தரையில் இறக்கி, பைக் மட்டும் நிற்கும்போது ஓர் அளவு. நீங்கள் ஏறி, பெட்டியெல்லாம் கட்டிய பிறகு இன்னோர் அளவு. மொத்தம் 200 மி.மீ. இறங்கக்கூடிய (டிராவல்) பின் சஸ்பென்ஷன் முழுச் சுமையில் 60 முதல் 65 மி.மீ. இறங்க வேண்டும், வெறும் பைக்கில் 20 முதல் 30. சுமையோடு 65 சரியாக வந்து, வெறும் பைக்கில் 5 மி.மீ. கூட இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் மெல்லிசு, ப்ரீலோட் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது மாற்ற வேண்டியது ஸ்பிரிங். கடின ஸ்பிரிங் போட்டதும் ஸ்பிரிங் திரும்ப எழுவதை அடக்கும் ரீபவுண்ட் டேம்பிங்கையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டிலிருந்து தூக்கி எறியும். முன் ஃபோர்க்கையும் சேர்த்துச் செய்யுங்கள். பின்பக்கம் மட்டும் உயர்ந்தால் மணலில் முன்சக்கரம் புதையும்.

எடையைக் குறைப்பது அதற்கும் முந்திய வேலை. அலுமினியப் பெட்டிக்குப் பதில் ரேக்கே தேவைப்படாத சாஃப்ட் பை போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோ அங்கேயே போய்விடும். விழுந்தால் கணுக்காலையும் நசுக்காது. தண்ணீரையும் டூலையும் முடிந்தவரை முன்னாலும் கீழேயும் வையுங்கள், ரேடியேட்டருக்குக் காற்று போக வழிவிட்டு. டாப் பாக்ஸைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சப்ஃப்ரேம் போல்ட்டுகளை நீல லாக்டைட் பசை போட்டு, கையேடு சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) முறுக்கி, தலைக்கும் ஃப்ரேமுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் போல்ட் சுழன்றிருக்கிறது. அதே அளவில் உபரி போல்ட் இரண்டு பையில் இருக்கட்டும்.

ஏர் ஃபில்டர்

அவுட்பேக்கில் புல்டஸ்ட் என்று ஒன்று உண்டு. விரலில் தேய்த்தால் துகளே தட்டுப்படாத தூசி. பள்ளத்தை நிரப்பிச் சமதளமாகக் காட்டும். பேப்பர் ஃபில்டர் அதில் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். ஆயில் தடவிய ஃபோம் ஃபில்டர்தான் சரி. ஆனால் ஃபில்டரை மாற்றியவர்கள் விளிம்பைக் கவனிப்பதில்லை. ஃபோம் உட்காரும் விளிம்பில் ஒரு வரி கிரீஸ் தடவாவிட்டால் தூசி ஃபில்டருக்குள் போகாமல் ஓரமாக நுழைந்துவிடும். ஏர்பாக்ஸின் சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி செம்மண் நிறமானால் எஞ்சின் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர், வால்வு சீட் எல்லாம் தேயும். ஆயில் குறையத் தொடங்குவதுதான் வெளியே தெரியும் அடையாளம், அதற்குள் காலம் கடந்திருக்கும். முன்கூட்டியே ஆயில் தடவிய இரண்டு ஃபில்டர்களை ஜிப் பையில் வைத்துக்கொண்டால் முகாமில் கழுவும் வேலை இல்லை. பவர் கூடும் என்று ஏர்பாக்ஸ் மூடியில் துளை போடுவதை இந்த நாட்டுக்கு மட்டுமாவது வேண்டாம்.

செயினுக்கு ஒட்டும் ஸ்ப்ரே

தூசியோடு சேர்ந்து உப்புத்தாளாகிவிடும். உலர் வகை போடுங்கள், அல்லது துடைத்துவிட்டு விடுங்கள்.

30 லிட்டர் டேங்க்

முதலில் தடத்தைப் பாருங்கள். ஊட்நடாட்டா தடத்தில் மரீ, வில்லியம் க்ரீக், ஊட்நடாட்டா, மார்லா என்று ஏறக்குறைய 200 கி.மீ.க்கு ஒரு பங்க். பேர்ட்ஸ்வில் தடத்தில் முங்கரானியிலிருந்து பேர்ட்ஸ்வில்வரை சுமார் 315. யமஹா டெனரே 700 பைக்கின் 16 லிட்டர் டேங்க் அங்கேதான் எதிர்காற்றில் கையைக் கடிக்கும். அதற்கு மடக்கும் பெட்ரோல் பை ஒன்றில் 5 முதல் 7 லிட்டர் போதும். டேங்கில் இடம் வந்ததும் ஊற்றிவிட்டு பையைச் சுருட்டிவிடலாம், பாரமும் போய்விடும். மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் நோக்கி சிம்ப்சனைக் கடக்கும் 500 கி.மீ. சொச்சத்துக்குத்தான் பெரிய டேங்க் கணக்கு. மணலில் செலவு சாதாரணத்தைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடும், பாதிவரைகூடப் போகும்.

பெரிய பிளாஸ்டிக் டேங்க் எஞ்சினை நெருங்கி உட்காரும். அடிப்பக்கத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பிரதிபலிப்பு ஃபாயில் ஒட்டி, காற்று ஓட இடைவெளி விடாவிட்டால் பெட்ரோல் சூடாகி ஆவியாகும், பம்ப் ஆவியை இழுக்கும், பைக் நின்றுவிடும். பம்ப் தன்னைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் பெட்ரோலில்தான். அதனால் வெயில் நேரத்தில் ரிசர்வில் ஓட்டுவது அதற்கு விஷம்.

பல பழங்குடிச் சமூக ஊர்களில் ஓபல் போன்ற 91 ஆக்டேன் பெட்ரோல்தான் கிடைக்கும். பெட்ரோலை முகரும் பழக்கத்தைத் தடுக்க வந்தது. 95 கேட்கும் பைக் வைத்திருந்தால், குறைந்த ஆக்டேனுக்கான செட்டிங் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலிடர் வைத்த வயரிங்

சாலிடர் முடியும் இடத்தில் வயர் விறைத்துப் போகும், கொருகேஷன் அதே இடத்தில் ஒடிக்கும். கிரிம்ப் செய்து (அமுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். பேட்டரி சார்ஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்குக் காற்றுப் படும் வழியில் பையைக் கட்டாதீர்கள்.

போன் சிக்னலை நம்புவது

கிடையாது. ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் இலவசமாகப் பதிவு செய்து, பைக்கில் அல்ல, உடம்பில் மாட்டுங்கள்.

ஸ்கிட் பிளேட்டுக்குள் புல்

ஸ்பினிஃபெக்ஸ் பிசின் உள்ள புல், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். தடத்தின் நடுமேட்டில் வளர்ந்திருப்பது ஸ்கிட் பிளேட்டுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவில் போய்ச் சேரும். பிளேட் எவ்வளவு பெரியதோ அவ்வளவு சேரும். அடியில் போதுமான திறப்புள்ள பிளேட்டாகத் தேர்ந்தெடுங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் வளைந்த கம்பி ஒன்றால் உள்ளே துழாவி இழுத்துவிடுங்கள், கை வேண்டாம், குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். சாஃப்ட் பைக்கும் சைலன்சருக்கும் நடுவில் உலோகக் கவசமும் இரண்டு விரல் இடைவெளியும் கட்டாயம். பை நிரம்பியபோது மட்டும் அளந்தால் போதாது. மேட்டில் குதித்து இறங்கும்போது அது உள்ளே ஆடும், எனவே ஸ்ட்ராப்பை இறுக்கி, கையால் உள்நோக்கித் தள்ளி அளந்து பாருங்கள்.