நாலுவழிச் சாலையில் ஒரு லேனை மூடும்போது

விழுப்புரம்–திருச்சி மாதிரியான நாலுவழிச் சாலையில் ரோடு வேலைக்குச் சேரும் புது சூப்பர்வைசர் பையன்களை முதல் நாளே ஜீப்பில் ஏற்றி, வேலையிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் பின்னால் கூட்டிப் போய்விடுவேன். “இங்கேயிருந்து டிரைவராக வா தம்பி, எது எப்போ கண்ணில் படுது சொல்லு” என்பேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்குள் 70 மீட்டர் போய்விடும். ரோலர் பக்கத்தில் நின்றுகொண்டு கோன் (வழியை மறிக்க வைக்கும் கூம்பு) அடுக்குபவனுக்கு இது உறைக்காது.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்பி 55 வழிகாட்டி, வேலையிடத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது: முன்கூட்டியே எச்சரிப்பது, வண்டியை ஒதுக்குவது, வேலை நடப்பது, மறுபடி பழைய லேனுக்கு விடுவது. நம் ஆட்கள் மூன்றாவதுதான் வேலை என்று நினைப்பார்கள். எனக்கோ கவலையெல்லாம் முதல் இரண்டில்தான்.

முதல் போர்டை 1 கிலோமீட்டர் முன்னாலேயே வையுங்கள். ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ முக்கோணம், அப்புறம் ‘சாலை குறுகுகிறது’, அப்புறம் வேகம். ஒவ்வொன்றையும் ஜோடியாக வைக்க வேண்டும்: இடதுபக்க ஷோல்டரில், அதாவது ரோட்டின் ஓரப் பகுதியில் ஒன்று; மீடியனில், அதாவது நடுத் திட்டில் ஒன்று. லாரியை ஒட்டி முந்திக்கொண்டு போகும் கார்க்காரருக்கு இடதுபக்கப் போர்டு தெரியவே தெரியாது. மீடியன் போர்டு அரளிச் செடிக்குள் ஒளிந்திருந்தால் அதுவும் வீண். போர்டின் காலை உயர்த்துங்கள், இல்லை கிளையை வெட்டுங்கள். போர்டு சாயாமல் இருக்க மணல் மூட்டை போடுங்கள், கருங்கல் வேண்டாம். வண்டி இடித்தால் கல் தெறித்து யார் மண்டையில் விழும் என்று சொல்ல முடியாது.

வேகப் போர்டில் 20 என்று போடுவதை நிறுத்துங்கள். ஆம்னி பஸ் டிரைவர் யாரும் 100-லிருந்து 20-க்கு வரப்போவதில்லை. 80, 60, 40 என்று படிப்படியாக இறக்கினால் பாதிப்பேராவது கேட்பார்கள்.

இனி கோன். மீடியன் பக்க லேனை மூடுகிறீர்கள் என்றால் மீடியன் ஓரத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக லேன் கோட்டை நோக்கிச் சரிவாக வர வேண்டும். அந்தச் சரிவு நீளமாக இருக்கணும். நாலு கோனைக் குறுக்கே போட்டுச் சுவர் மாதிரி மறிப்பது கொலைக்குச் சமம். நாலுவழிச் சாலையில் நான் 200 மீட்டருக்குக் குறைய விடுவதில்லை. அளக்க டேப் வேண்டாம். லேன் பிரிக்கும் வெள்ளைக் கோடு விட்டுவிட்டு வருகிறதல்லவா, ஒரு கோடும் ஒரு இடைவெளியும் சேர்ந்து எவ்வளவு என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எண்ணிக்கொண்டே போகலாம்.

சரிவு முடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். நடுவில் வெறும் இடம் விடணும். பிரேக் பிடிக்காத லாரி கோனைத் தட்டிக்கொண்டு வந்தால் நிற்பதற்கு அதுதான் இடம். ஆனால் சப் காண்ட்ராக்டர் ஆட்களுக்கு அந்தக் காலி இடத்தைக் கண்டால் கை அரிக்கும். ஜல்லி கொட்டுவார்கள், பைக் நிறுத்துவார்கள், டிப்பர் நிழலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்கள். நான் இதில் மட்டும் தயவு பார்ப்பதில்லை. சாப்பாடு, தூக்கம், பீடி எல்லாம் ஓரத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம், மரத்தடியில்.

கொடி பிடிப்பவர் ஷோல்டரில், வண்டிகளைப் பார்த்தபடி நிற்கணும். முதுகைக் காட்டக் கூடாது, கையில் போன் கூடாது. ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்பே காட்டிக்கொடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆளை நிறுத்தினால் அவர் கண் திறந்தபடி தூங்குவார். ஊர்ப் பிரிவு பக்கத்தில் இருந்தால் இன்னொரு ஆள் வேண்டும். புல்லுக்கட்டோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் ராங் சைடில் வருகிற பெரியவரை எந்தப் போர்டும் தடுக்காது, “அய்யா, சர்வீஸ் ரோட்டுல போங்க” என்று சொல்ல ஒரு வாய்தான் வேண்டும்.

இரவில் சிவப்பு ரிப்பன், சுண்ணாம்பு அடித்த கல், ஒடித்து நட்ட வேப்பங்கிளை இதெல்லாம் எச்சரிக்கையே அல்ல. ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை உள்ள கோன், பிளிங்கர் (மின்னி மின்னி எரியும் விளக்கு), சட்டைக்கு மேல் பளபளக்கும் ஜாக்கெட், இவைதான் வேண்டும். ஜெனரேட்டர் விளக்கைத் தரை பார்த்துத் திருப்புங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் நீங்களே அவரைக் குருடாக்கி உங்கள் ஆள் மேல் விடுகிறீர்கள்.

எல்லோரும் மறப்பது, மீடியன் செடிக்குத் தண்ணீர் விடும் டேங்கரை. வேகமான லேனில் விடிகாலையில் ஆமை நடை; பின்னால் ஒரு காய்ந்த கிளை செருகியிருக்கும். அதுவும் வேலையிடம்தான், நகர்கிற வேலையிடம். டேங்கருக்கு நல்ல தூரம் பின்னால் அம்புக்குறி விளக்கோடு இன்னொரு வண்டி கூடவே வரணும். ஹோஸ் பிடிப்பவர் மீடியனுக்குள்ளேயே நடக்கணும், ரோட்டில் இறங்கக் கூடாது. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு தொடங்கினால் போதும், அரளி அதற்குள் செத்துப்போகாது.

வைக்கும்போது வண்டி போகிற திசையில்: முதலில் தூரத்துப் போர்டு, கடைசியில் வேலையிடம். எடுக்கும்போது தலைகீழ். வேலையிடத்துக் கோன் முதலில், ஒரு கிலோமீட்டர் போர்டு எல்லாவற்றுக்கும் பிறகு. அசதியில் ஆட்கள் முகாமுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் தூக்குவார்கள், விடாதீர்கள்.

வேலை முடிந்தும் நிற்கிற போர்டு எனக்கு ஆகவே ஆகாது. மூன்று நாள் வெறும் ரோட்டில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்று பார்த்துப்போன டிரைவர், நாலாம் நாள் நிஜமாகவே ஆள் இருக்கும்போது ஏன் நம்பப்போகிறார்? மறுநாளும் வேலை இருந்தால் போர்டுக்குக் கோணிச் சாக்கு மாட்டிக் கட்டுங்கள், காலையில் கழற்றுங்கள். கோனை எண்ணி ஏற்றுங்கள். ஒன்றிரண்டு குறையும், பக்கத்து டீக்கடை வாசலில் பார்க்கிங்குக்கு நிற்கும். சண்டை போடாமல் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.