மலையகச் சிந்தனை வரலாறு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களின் அரசியல், சமூகச் சிந்தனை எப்படி உருவாயிற்று என்று எழுத இளைஞர்கள் நிறையப் பேர் முன்வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டுரைகளைப் பார்த்தால் அதே பழைய தவறுகள்தான். எழுத்துப்பிழை, அடிக்குறிப்புப் பிழைகளை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வழியைக் காட்டாமல் 'தாக்கம்' என்று எழுதுவது

எத்தனை முறை படித்தாலும் கோபம் வருவது இதற்குத்தான். "1927இல் காந்தி இலங்கைக்கு வந்தார். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆகவே அது காந்தியத்தின் தாக்கம்." இவ்வளவுதான் வாதம்.

இடையில் கிடக்கும் காலத்தைப் பாருங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதே ஆண்டு தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் கூலி வெட்டப்பட்டது. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1937இல் தொழிலாளர் பக்கம் பேசிய பிரேஸ்கேர்டிள் என்ற வெள்ளைக்காரரை நாடு கடத்த உத்தரவு போட்டார்கள். உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ். முல்லோயாவில் முன்னால் நின்றது சமசமாஜிகளின் தொழிற்சங்கம். பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். இத்தனையையும் தாண்டி 1927க்கு ஒரே தாவலாகப் போவது, அந்தத் தொழிலாளர்கள் தாங்களாக எதையும் யோசிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

காந்தி வந்ததே கதர் நிதி திரட்டத்தான். மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வலியுறுத்திப் பேசினார். அவருடைய தடத்தைத் தேடுகிறவர் முதலில் சாராயக்கடைக்கு எதிரான முயற்சிகளைத் தேட வேண்டும், கூலிப் போராட்டத்தை அல்ல.

அன்றைக்குத் தோட்டம் தனியார் சொத்து, அதை நிர்வகித்தவர் துரை. அவர் அனுமதியில்லாமல் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்பார்கள். அவருடைய கூட்டங்களில் மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடுவார். ஒரு கருத்து லயத்துக்குள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், வந்து சேர அன்றைக்கு இப்படிப்பட்ட வழிகள்தான் இருந்தன. 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளில் அச்சானதைக் காட்டினால் போதாது. படிக்கத் தெரிந்தவர் குறைவான இடத்தில் யார் வாசித்தார், யார் உட்கார்ந்து கேட்டார் என்பதும் தெரிய வேண்டும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: சொல்லப்பட்ட வாக்கியம், சொன்ன இடமும் நாளும், கேட்டிருக்கக்கூடியவர்கள், அதே வாதம் பிறகு எந்த மனுவில், எந்தக் கோரிக்கையில், எந்தப் பாட்டில் திரும்ப வருகிறது. நான்கும் நிரம்பினால் 'தாக்கம்' என்று எழுதலாம். மூன்றாவதோ நான்காவதோ காலியாக இருந்தால் 'ஒத்திருக்கிறது' என்பதோடு நிறுத்துங்கள்.

இந்தத் தவறில் வீணாவது காலம். நூலகத்தில் காந்தி எழுத்துகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆறு மாதத்தில், பேசக்கூடிய பெரியவர்கள் போய்விடுகிறார்கள். 1940இல் பத்து வயதாக இருந்தவர் இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார். முதலில் பதிவு செய்யுங்கள். சுவடிக்கூடம் காத்திருக்கும்.

பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது

"தாத்தா, சங்கம்தானே உங்களுக்கு உரிமைய உணர்த்திச்சு?" என்று கேட்டால் "ஆமாப்பா" என்றுதான் வரும். "அந்த ஸ்ட்ரைக்குல மொதல்ல வேலைக்குப் போகாதது யாரு? அன்னிக்கிப் பிரட்டுக்களத்துல கணக்கப்பிள்ள என்னா சொன்னாரு?" என்று கேளுங்கள். (பிரட்டுக்களம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம், கணக்கப்பிள்ளை வேலையை மேற்பார்ப்பவர்.) ஆண்டு நினைவில்லை என்றால் அப்போது இருந்த துரையின் பெயர், கொழுந்து எடுத்த மலையின் (தேயிலைப் பகுதியின்) நம்பர், தம் மூத்த பிள்ளையின் வயது இவற்றைப் பிடித்துக் கணக்கிடலாம். பின்னால் மேடைகளில் கேட்டதும் நினைவோடு கலந்திருக்கும். அதே சம்பவத்தை தோட்டத்தின் வேறு டிவிஷன் (பிரிவு) ஆள் ஒருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

அச்சில் இல்லாததைச் சிந்தனை இல்லை என்பது

தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதன் எரிகிறான், ரதி முறையிடுகிறாள். தண்டனை நியாயமா என்ற கேள்வி அங்கே இரவிரவாகப் பாடப்படுகிறது. அதைக் 'கலை' என்ற அத்தியாயத்தில் போட்டு மூடிவிடாதீர்கள்.

விவரம் தெரியாத பாட்டைச் சான்றாக ஒட்டுவது

தோட்டம், பாடியவர் வயது, பாடிய சந்தர்ப்பம் தெரியாத பாட்டு சான்றாகாது.

பின்னால் வந்த கொள்கையை முன்னால் ஏற்றுவது

1860களில் கோப்பித் தோட்டத்தை விட்டு ஓடியவரை வர்க்கப் போராளி ஆக்காதீர்கள். ஏன் ஓடினார் என்று எழுதுங்கள்: கடன், நிலுவைச் சம்பளம்.

1948ஐயும் 1964ஐயும் ஒரே மூச்சில் சொல்வது

1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையை வம்சாவளியோடு கட்டியது. யார் இந்நாட்டவர் என்பது அதன் கேள்வி. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. முன்னது உரிமையை வரையறுத்த சிந்தனை, பின்னது மக்களை எண்ணிக்கையாகப் பார்த்த சிந்தனை. தனித்தனி அத்தியாயமாக எழுதுங்கள்.