விக்டோரியா காலத்து ஆலைத் தொழிலாளியை ஆவணங்களில் தேடிப் பிடிப்பது எப்படி?

முதலாளிகளும் கண்டுபிடிப்பாளர்களும் தங்கள் வரலாற்றை எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நூற்பாலையில் வேலை பார்த்த சிறுமி எழுதவில்லை. இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்களைத் தேட இரண்டு வாசல்கள் உண்டு: பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த சென்சஸ், 1837 ஜூலை 1 முதல் நடக்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு. இவற்றை அன்றைய தொழிற்சாலைச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த வாழ்க்கை புலப்படும்.

பழகுவதற்கு, வாழ்க்கை விவரங்கள் ஏற்கெனவே வெளியே தெரிந்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வது நல்லது. பெண்கள் வாக்குரிமைப் போராளி ஆனி கென்னி 1879 செப்டம்பர் 13 அன்று ஓல்டம் அருகே ஸ்பிரிங்ஹெட்டில் பிறந்தவர். பத்து வயதில் பஞ்சாலைக்குப் போனார். நூல் சுற்றும் பாபினில் சிக்கி ஒரு விரலை இழந்தார்.

முதலில் வயதைக் கணக்கிடுங்கள். சென்சஸ் நாள் ஒவ்வொரு முறையும் மாறும்: 1841இல் ஜூன் 6, 1851இல் மார்ச் 30, 1861இல் ஏப்ரல் 7, 1871இல் ஏப்ரல் 2, 1881இல் ஏப்ரல் 3, 1891இல் ஏப்ரல் 5. ஆனிக்கு 1881இல் 1 வயது, 1891இல் 11. ஆண்டை மட்டும் கழித்துப் பார்த்தால் 2, 12 என்று வரும், தேடலும் பிசகும். எப்போதும் இரண்டு ஆண்டு முன்பின் விட்டே தேடுங்கள், ஏனென்றால் பலருக்குத் தங்கள் வயதே சரியாகத் தெரியாது.

பெயரையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எழுதத் தெரியாத குடும்பம் சொன்னதைக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதினார். கென்னியின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ஆன், ஆனி இரண்டையும் போடுங்கள். மாவட்டமும் காலை வாரும்: ஓல்டம் லங்காஷயரில் இருக்க, ஸ்பிரிங்ஹெட் அன்று யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் இருந்தது.

அடுத்து பிறப்புப் பதிவு. அட்டவணை காலாண்டு வாரியானது. அதில் இருப்பது பதிவு செய்த காலாண்டு, பிறந்த காலாண்டு அல்ல. பதிவுக்கு 42 நாள் அவகாசம் இருந்ததால் செப்டம்பர் 13 பிறப்பை செப்டம்பர், டிசம்பர் என இரண்டு காலாண்டிலும் தேட வேண்டும். ஒரே பெயரில் பலர் இருந்தால் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை வைத்துப் பிரியுங்கள். பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில் அது 1837 முதலே உண்டு. ஃப்ரீபிஎம்டி போல, பழைய அச்சு அட்டவணையைப் படியெடுத்துத் தரும் தளங்களில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான். 1875க்கு முன் பதிவு விட்டுப்போன குழந்தைகள் நிறைய. அவர்களுக்கு பாரிஷ், அதாவது உள்ளூர்த் தேவாலயத்தின், ஞானஸ்நானப் பதிவேடே துணை. 1813 முதல் அதில் தந்தையின் தொழிலும் இருக்கும்.

1841 சென்சஸ் ஏட்டில் தனிக் கவனம் தேவை. 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள்: 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். உறவுமுறையும் இராது. ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணை மனைவி என்று முடிவு கட்டாதீர்கள், தங்கையாகவும் இருக்கலாம். உறவும் பிறந்த ஊரும் 1851 முதல்தான் கிடைக்கின்றன.

தொழில் பத்தியில்தான் சட்டம் கைகொடுக்கும். 1833 சட்டப்படி பெரும்பாலான துணி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே வேலை இல்லை. 1844 சட்டம் அதை 8 ஆக்கியது. 13 வயது வரை அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி. 1878இல் வரம்பு 10 ஆனது. ஆகவே 1851இல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ‘மாணவர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆலைக்குப் போகவில்லை என்று முடிவு செய்யக்கூடாது. காலையில் ஆலையில் அறுந்த நூலை ஒட்டிவிட்டு மதியம் வகுப்பில் தூங்கி விழுந்த குழந்தையாக இருக்கலாம். 1891இல் 11 வயது ஆனியின் வரியையும் இந்த நினைப்போடுதான் படிக்க வேண்டும்.

1911 சென்சஸில், மணமான பெண் பெற்ற பிள்ளைகள் எத்தனை, இறந்தவர் எத்தனை என்றும் கேட்டார்கள். அந்த எண்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எந்தச் சென்சஸிலும் தென்படாமல் இறந்த குழந்தைகள் அங்கேதான் தெரிவார்கள். அந்த ஆண்டு வாக்குரிமைப் போராளிகள் பலர் கணக்கெடுப்பையே புறக்கணித்தார்கள் என்பதால், அவர்களில் ஒருவர் கிடைக்காவிட்டால் தேடல் தவறு என்று ஆகாது.

கண்டெடுத்த பக்கத்தின் ஆவணக் காப்பகக் குறியீட்டை உடனே எழுதிவையுங்கள். 1841, 1851க்கு எச்.ஓ. 107, 1861க்கு ஆர்.ஜி. 9, பிறகு ஒவ்வொன்றாகக் கூடி 1911க்கு ஆர்.ஜி. 14. 1901 வரையிலான ஏடுகளில் தாள் எண் முன்பக்கத்தில் மட்டுமே முத்திரையிடப்பட்டிருக்கும். பின்பக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு முந்தைய பக்கத்தின் படத்தைத் திறந்து எண்ணை எடுங்கள்.