ஐந்தாம் வகுப்புக்கு ஒரு விக்கி: சார்ட் தாளில் தொடங்கி பென் டிரைவ் வரை

வகுப்பில் விக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சக ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளைங்க அதைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்க மாட்டாங்களா?" என்பதுதான். அவர்கள் விக்கிப்பீடியாவை நினைத்துக் கேட்கிறார்கள். இங்கே நான் சொல்லப்போவது பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே திருத்தும் ஒரு சின்ன விக்கியைப் பற்றி. ஒரே ஒரு மடிக்கணினி போதும். இணையம் கூட வேண்டாம்.

விக்கி என்றால் படிப்பவரே திறந்து திருத்திச் சேமிக்கக்கூடிய பக்கங்கள். முதல் விக்கியை 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் இணையத்தில் வைத்தார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸைப் பார்த்து வைத்த பெயர். ஹவாய் மொழியில் விக்கி என்றால் 'சட்டென்று'. வகுப்பில் எதுவும் சட்டென்று நடக்காது, ஒரு பருவம் முழுக்க ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் சுவரில்

கணினியைத் தொடாதீர்கள். ஒரு வாரம் சார்ட் தாளிலேயே செய்யுங்கள். நான் எடுத்த தலைப்பு 'எங்கள் ஊர் மரங்கள்'. ஒரு மரத்துக்கு ஒரு சார்ட். நாலைந்து பேர் ஒரு குழு. யார் வேண்டுமானாலும் எந்தச் சார்ட்டிலும் எழுதலாம். விதி இரண்டுதான். அழிரப்பர் கூடாது, தப்பு என்று தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். எழுதியதும் பக்கத்தில் தேதியும் குழுவின் பெயரும் போட வேண்டும்.

ஒரு சார்ட்டில் இன்னொரு மரத்தின் பெயர் வந்தால் இரண்டுக்கும் நடுவே நூல் கட்டுங்கள். சார்ட் இல்லாத மரத்தின் பெயர் வந்தால் அதைச் சிவப்பில் எழுதச் சொல்லுங்கள். பிறகு கணினியில் இணைப்பு, சிவப்பு இணைப்பு என்று நீங்கள் விளக்கவே தேவையிருக்காது. "ஓ, நூலு!" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

படி 2: பனைமரச் சண்டைக்குக் காத்திருங்கள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாப் படியும். எங்கள் வகுப்பில் பூவரசு குழு 'பனைமரம் நுங்கு தரும்' என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை அதில் 'தரும்' அடிக்கப்பட்டு, 'எல்லாப் பனையும் தராது. ஆண் பனை காய்க்காது. தாத்தா சொன்னார்' என்று இருந்தது. எழுதியவன் மற்ற நேரத்தில் வாயே திறக்காத பையன், தாத்தா பனையேறியவர். பூவரசு குழுவுக்குக் கோபம். "எங்க சார்ட்ல ஏன் எழுதுன?" என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

அப்போது நான் தீர்ப்பு சொல்லவில்லை. "சரி, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டேன். மதியம் ஏரிக்கரைக்குப் போனோம். ஒரு மரத்தில் குலை குலையாகக் காய், பக்கத்து மரத்தில் நீள நீளமாகப் பாளை மட்டும். திரும்பி வந்து அழுத பெண்ணே எழுதினாள்: 'பெண் பனைதான் நுங்கு தரும். நாங்கள் பார்த்தோம்.' அடித்த வரியும் திருத்திய வரியும் இன்னும் அந்தச் சார்ட்டில் அப்படியே இருக்கின்றன. நோட்டில் நான் போடும் சிவப்பு மையை அவர்கள் இப்படிப் பார்ப்பதில்லை. அது டீச்சர் திருத்தியது, மூடி வைத்துவிட வேண்டியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு தலைப்பைக் கட்டாயமாக்கினேன். பாட்டி சொன்னார், பாடப்புத்தகம், நாங்களே பார்த்தோம், எது வேண்டுமானாலும் எழுதலாம். காலியாக மட்டும் விடக்கூடாது.

படி 3: மென்பொருள்

நான் பயன்படுத்துவது டோக்குவிக்கி. ஆண்ட்ரியாஸ் கோர் என்பவர் 2004இல் வெளியிட்ட இலவச மென்பொருள். தரவுத்தளம் எதுவும் தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. அதன் தளத்தில் பதிவிறக்கும்போது மைக்ரோஅப்பாச்சி என்ற சின்ன சர்வரையும் சேர்த்துக்கொள்ள ஒரு தெரிவு உண்டு. அதையும் டிக் செய்து இறக்குங்கள். சுருக்கிய கோப்பை பென் டிரைவில் பிரித்து வையுங்கள். விண்டோஸ் மடிக்கணினியில் செருகி, அதில் உள்ள 'ரன்' கோப்பை இருமுறை சொடுக்கினால் விக்கி பிரவுசரில் திறக்கும். தமிழ் இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அங்கங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். திருத்து, சேமி, பழைய பதிப்புகள் என்ற மூன்று பொத்தான்களை மட்டும் அடையாளம் காட்டினால் போதும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விக்கித் தளம் எதையாவது எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். உலகம் முழுக்க ஆசிரியர்கள் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் வகுப்பறைச் சேவையை மூடியது. தவிர, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல், கணக்கு என்று போனால் வேறு சிக்கல். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பென் டிரைவில் இருப்பது வகுப்பை விட்டு வெளியே போகாது. அப்படியும் பிள்ளைகளின் பெயர் வேண்டாம், குழுவின் பெயர் போதும். படம் சேர்த்தால் மரத்தின் படம் மட்டும்.

படி 4: மூன்றே குறிகள்

இவற்றைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பருவம் முடியும்வரை அழிக்காமல் விடுங்கள்.

====== பனை ====== (பெரிய தலைப்பு, இரு பக்கமும் ஆறு சமக்குறி)
**நுங்கு** (தடித்த எழுத்து, இரு பக்கமும் இரண்டு நட்சத்திரக்குறி)
[[வேம்பு]] (வேம்புப் பக்கத்துக்கு நூல்)

பக்கம் இருந்தால் இணைப்பு பச்சையாகத் தெரியும், இல்லையென்றால் சிவப்பாக. சிவப்பைச் சொடுக்கி அங்கேயே புதுப் பக்கம் தொடங்கலாம். இந்தச் சிவப்பைப் பச்சையாக்கும் ஆசையிலேயே பாதிப் பக்கங்கள் எழுதப்பட்டுவிடும்.

படி 5: தட்டச்சு

தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொடுங்கள். ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ் அடிப்பது இந்த வயதில் இரண்டு மொழியையும் குழப்பும் என்பது என் கருத்து. தமிழ்99இல் உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதல் ம தலையில் புள்ளி தானாக விழும். அதைப் பார்த்ததும் வகுப்பே 'அக்கா', 'அப்பா', 'பட்டம்' என்று அடித்துப் பார்க்கக் கிளம்பிவிடும். அந்த ஒரு பீரியடை அதற்கே விட்டுவிடுங்கள்.

படி 6: எழுத விடுதல்

சுவரில் இருப்பதை ஒவ்வொரு குழுவாக வந்து ஏற்றட்டும். குழுவுக்குப் பத்து நிமிடம், ஒருவர் அடிக்க மற்றவர்கள் சொல்ல வேண்டும். சேமிக்கும்முன் 'என்ன மாற்றினோம்' என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதுவது கட்டாயம். 'எழுத்துப்பிழை சரி செய்தோம்', 'பாட்டியிடம் கேட்டுச் சேர்த்தோம்', இவ்வளவு போதும்.

வாரம் ஒருமுறை பழைய பதிப்புகளைத் திறந்து இரண்டை ஒப்பிட்டு ஸ்மார்ட் போர்டில் காட்டுங்கள். போர்டு இல்லையென்றால் மடிக்கணினியைச் சுற்றி உட்காரச் சொல்லலாம். இணையம் கிடைக்கும் நாளில் தமிழ் விக்கிப்பீடியாவின் பனை கட்டுரையைத் திறந்து, 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைச் சொடுக்கிக் காட்டுங்கள். 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டிய இடத்திலும் பெரியவர்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள்.

ஒருநாள் யாராவது ஒரு பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு 'ஹி ஹி' என்று எழுதி வைப்பார்கள். நடந்தே தீரும். திட்ட வேண்டாம். எல்லோர் முன்னாலும் பழைய பதிப்பைத் திறந்து, 'திருத்து' அழுத்திச் சேமியுங்கள், பக்கம் திரும்ப வந்துவிடும். அழித்தால் பயனில்லை என்று தெரிந்ததும் அந்த விளையாட்டில் சுவாரசியம் போய்விடுகிறது.

படி 7: நகல்

பென் டிரைவ் தொலையும், வைரஸ் வரும். வெள்ளிக்கிழமை தோறும் டோக்குவிக்கி போல்டரை அப்படியே இன்னொரு இடத்தில் காப்பி செய்யுங்கள். பள்ளியில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று.

ஆண்டு முடிந்ததும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். ஜூனில் வரும் பிள்ளைகள் அண்ணன்மார், அக்காமார் விட்ட இடத்திலிருந்து திருத்தட்டும். எங்கள் விக்கியில் இலுப்பை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஊரில் ஒரே மரம், அது கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது. பூக்கும்போது போய்ப் பார்க்கலாம் என்று வைத்திருந்தோம், அதற்குள் பரீட்சை வந்துவிட்டது.