குவிமாடம்: உச்சியைப் பார்த்து அடியை மறக்க வேண்டாம்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் ஆரோவில் மாத்ரிமந்திரைப் பார்த்துவிட்டுப் பெரிய குவிமாடத்தைப் பார்த்ததாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அது நான்கு தூண்கள் தாங்கும், சற்றே தட்டையான கோளம். அதன் பாரத்தைச் சுமப்பது கான்கிரீட் சட்டகம். வெளித்தோற்றத்தைக் கொண்டு ஒரு பொருள் நிற்கும் விதத்தை முடிவு செய்துவிடுவதே குவிமாடங்களைப் பற்றிய முதல் தவறு.

இயற்கையைப் பார்க்கும்போதும் இதே தவறு நேர்கிறது. அன்டார்க்டிகாவில் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும் ‘டோம் ஏ’, பெயரில் குவிமாடம்தான். ஆனால் அதனுள் வெற்றிடம் கிடையாது. ஆண்டாண்டுகளாகப் பெய்த பனி இறுகிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே ஓரங்களை நோக்கி மிக மெதுவாக வழிவதால் நடுவில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் அந்த வடிவம் அமைகிறது. உச்சியில் பக்கவாட்டு நகர்வு மிகக் குறைவு, பனி அடுக்குகள் அதிகம் கலைவதில்லை. அதனால்தான் அங்குள்ள இன்னொரு பனிக் குவிமாடமான ‘டோம் சி’யில் துளையிட்டு 8 லட்சம் ஆண்டுப் பழமையான பனிக்கட்டியை எடுக்க முடிந்தது. பனிக்கவிகை (ice cap) என்ற பெயர் 50,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவான பனிப்பரப்புக்கே உரியது என்பதால், அன்டார்க்டிகாவை அப்படி அழைப்பதும் பிழை.

கட்டடத்திற்கு வந்தால், உச்சிக்கல்தான் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் ரோமிலுள்ள பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலின் குவிமாடம், உச்சியில் 8 மீட்டருக்கும் மேல் அகலமான திறப்போடு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. ஆபத்து அடியில்தான் இருக்கிறது. சீரான தடிமனுள்ள அரைக்கோளக் குவிமாடம் தன் எடையைத் தாங்கும்போது, உச்சியிலிருந்து சுமார் 52 பாகை வரை எல்லாத் திசையிலும் அமுக்கமே இருக்கும். அதற்குக் கீழே குவிமாடம் வெளிப்பக்கம் விரியப் பார்ப்பதால் வளையம் வளையமாக இழுவிசை தோன்றும். செங்கல்லும் கல்லும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்கா. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எதற்கோ, குவிமாடத்தின் அடியில் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட்டும் அதற்கே. ரோமின் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தில் விரிசல் கண்டபோது, 1740களில் இரும்பு வளையங்களைப் பூட்டியதும் இதற்காகவே.

குவிமாடத்தைத் தாழ்வாகக் கட்டினால் பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறே, ஏனெனில் வளைவு தட்டையாக ஆக வெளித்தள்ளல் கூடும். இஸ்தான்புல்லில் தேவாலயமாகக் கட்டப்பட்ட ஹாகியா சோபியாவின் தாழ்வான முதல் குவிமாடம் நிலநடுக்கங்களால் பலவீனமுற்று 558இல் இடிந்தது. மறுபடி கட்டியபோது ஏறக்குறைய 6 மீட்டர் உயர்த்தினார்கள்.

ஆரோவில் பகுதியில், சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த மண்கற்களால், சென்ட்ரிங் (கட்டும்போது அடியில் தாங்கும் தற்காலிகச் சட்டகம்) இல்லாமலேயே குவிமாடம் எழுப்பும் முறை நன்கு வேரூன்றியிருக்கிறது. அதைப் பார்த்துத் தாமும் கட்ட முனைகிறவர்கள் சன்னலுக்காகப் பெல்ட்டை வெட்டிவிடுவதுதான் எனக்குப் பெரிதும் கவலை தருகிறது. வெளிச்சம் வேண்டுமானால் உச்சியில் திறப்பு விடலாம். பெல்ட் எங்கும் அறுபடக் கூடாது. மண்கல்லின் மேல் இறுகலான சிமெண்ட் பூச்சைப் பூசினால் வெயிலில் வெடித்து ஐப்பசி மழையில் ஒழுகும். சுண்ணாம்புப் பூச்சு ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும்.

தகடு, துணி போன்ற எடை குறைந்த குவிமாடங்களில் கவனம் வேறு. காற்று தள்ளுவதை மட்டும் கணக்கிட்டால் போதாது, உச்சியை அது மேல்நோக்கி உறிஞ்சவும் செய்யும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைக் கண்ட கரையில், இவற்றை அடித்தளத்தோடு இறுகப் பிணைக்காமல் விடக் கூடாது.

கட்டி முடித்த குவிமாடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கி விரிசல் ஏறினால், உடனே பூசி மறைக்க வேண்டாம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் அடி இன்னும் விரிகிறது என்று பொருள், அப்போது பொறியாளரை அழைக்க வேண்டும்.