பழைய பிசியை ரூட்டரா மாத்தப் போறீங்களா? வைஃபை அடாப்டரை யோசிச்சு வாங்குங்க

பழைய பிசில லினக்ஸ் போட்டு ரூட்டரா ஓட்டுறது பெரிய வேலையே இல்ல, வைஃபையும் அதுலயே வரணும்னு ஆசைப்படும்போதுதான் தலைவலி. போன் மாதிரி போய் கனெக்ட் ஆகுறதுக்கு எந்த அடாப்டரும் போதும், ஆனா மத்தவங்களைக் கனெக்ட் பண்ண வைக்கணும்னா ஆக்சஸ் பாயின்ட் மோட் வேணும், அதுக்கு சிப், டிரைவர் ரெண்டுமே ஒத்து வரணும். நான் டப்பா மேல இருந்த ஸ்பீடை மட்டும் பாத்து ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கி, கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அப்டேட் ஆகுறப்பல்லாம் டிரைவரைத் திரும்ப கம்பைல் பண்ணியே நொந்துபோய், கடைசில டிராயர்ல தூக்கிப் போட்டேன்.

அதனால பிராண்டை விடுங்க, உள்ள என்ன சிப்னு பாருங்க. யூஎஸ்பின்னா மீடியாடெக் எம்டி7612யூ நல்ல சாய்ஸ், டிரைவர் கெர்னலோடயே வந்துடும். ஏத்தரோஸ் ஏஆர்9271 சீப்பா கிடைக்கும், ஆனா 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஏழெட்டு போன் சேந்தாலே அடுத்த ஆளை உள்ள விடாது. லேப்டாப்ல கழட்டுன இன்டெல் கார்டை மாட்டலாமேன்னு தோணும், 2.4ல ஓடும், 5 கிகாஹெர்ட்ஸ்ல ஆக்சஸ் பாயின்ட் ஆக பெரும்பாலும் ஒத்துக்காது.

கைல இருக்கறதை செக் பண்ண டெர்மினல்ல 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) அடிங்க. 'சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ் மோட்ஸ்' கீழ ஏபின்னு (AP, அதாவது ஆக்சஸ் பாயின்ட்) தனி வரி இருக்கணும், இல்லன்னா அதோட மல்லுக்கட்டாதீங்க. அப்படியே கீழ சேனல் லிஸ்டையும் பாருங்க, 'நோ ஐஆர்'னு போட்டிருந்தா அந்த சேனல்ல நீங்களா நெட்வொர்க் ஆரம்பிக்க முடியாது.

அடுத்து ஹோஸ்ட்ஏபிடி (hostapd), அடாப்டரை ஆக்சஸ் பாயின்டா ஓட்டுற சாஃப்ட்வேர். கான்ஃபிக் ஃபைல்ல இன்டர்ஃபேஸ் பேரு, நெட்வொர்க் பேரு, கன்ட்ரி கோடு, சேனல், டபிள்யூபிஏ 2 பாதுகாப்பு, எட்டு எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டு, அவ்ளோதான். அதே ஃபைல்ல hw_mode-ங்கிற வரில 2.4க்கு 'ஜி' (g), 5க்கு 'ஏ' (a); நிறைய பேர் சறுக்குறது இங்கதான். 5ல 36ஆம் சேனல்ல ஆரம்பிங்க, 52ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனலுக்குப் போனா ரேடார் இருக்கான்னு ஒரு நிமிஷமாவது கேட்டுட்டுதான் ஆன் ஆகும், ஏதோ ரிப்பேர்னு நினைச்சு ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருப்பீங்க. லேன்லயும் வைஃபைலயும் ஒரே நெட்வொர்க் வேணும்னா ரெண்டையும் சேக்கற பிரிட்ஜோட பேரையும் அதே ஃபைல்ல குடுத்துடுங்க, ஐபி குடுக்கறதை டிஎன்எஸ்மாஸ்க்ங்கிற (dnsmasq) சாஃப்ட்வேர் பாத்துக்கும். லினக்ஸ்ல நெட்வொர்க் கனெக்ஷனை தானா பாத்துக்கற நெட்வொர்க்மேனேஜர் ஓடுச்சுன்னா இந்த இன்டர்ஃபேஸை அதுகிட்ட இருந்து பிடுங்கிடுங்க, இல்லன்னா ரெண்டும் அடிச்சுக்கும்.

எல்லாம் சரியா இருந்தும் 2.4ல சிக்னல் மோசமா இருந்தா, அடாப்டர் யூஎஸ்பி 3 போர்ட்ல இருக்கான்னு பாருங்க. அந்த போர்ட்டோட இரைச்சல் அதே அலைவரிசைல வந்து விழும், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு பிசியை விட்டு தள்ளி வச்சா போதும்.